அடுப்பெரியாத மாலை

சென்ற மாசி மாதத்தில் ஒரு நண்பகல், மேற்குத் தாம்பரத்தில் என் வீட்டில் உணவுண்டு கண்ணயரப் போகும் வேளையில் தொலைபேசி ஒலித்தது. அந்நேரத்தில் என்னை அழைப்பவர் ஒரே வகையினர். கூடுவாஞ்சேரிக்கு அப்பால் மனைப்பிரிவு போட்டிருக்கிறோம், ஒருமுறை வந்து பாருங்கள் என்பார்கள். ஆகவே எடுத்த எடுப்பிலேயே, "எனக்கு மனை வேண்டாம்" என்றேன்.

"மனை இல்ல சார். நீங்க எழுதின புக் விஷயமா பேசணும்" என்றது ஒரு பெண்குரல்.

உறக்கம் போயிற்று. தமிழ்ப் பேராசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இளமையில், தாம்பரத்திற்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள சிற்றூர்களில் திரிந்து, அவற்றின் வழக்கங்களையும் வழிபாடுகளையும் தொகுத்து ஒரு சிறு நூல் வெளியிட்டேன். அச்சிட்ட படிகளில் பாதி இன்றும் என் பரணில்தான் கிடக்கின்றன. நாற்பதாண்டுகளுக்குப் பின் ஒருவர் அதைப் படித்துவிட்டு அழைக்கிறார் என்றால், எழுதியவனுக்கு எப்படி இருக்கும்? எந்தப் பகுதியம்மா என்று கனிவோடு கேட்டேன்.

"நாப்பத்தோராம் பக்கம் சார். அது தப்பு."

கனிவு அங்கேயே முடிந்தது.

அவர் முடிச்சூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. படப்பையைத் தாண்டி ஏரிக்கரையில் உள்ள ஒரு சிற்றூரின் கீழ்த்தெருவில் பிறந்தவர். தந்தை இன்றும் அங்கேதான் வாழ்கிறார். அத்தெருவில், மாசி மகத்துக்கு அடுத்த செவ்வாயன்று மாலையில் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டமாட்டார்கள். காலையில் ஆக்கியதையோ, நீர் ஊற்றிய சோற்றையோ உண்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். இதைத்தான் நான் நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதியிருந்தேன். வெம்மை தாளாத அம்மன் அன்று ஏரியிலிருந்து அத்தெருவுக்குக் குளிர்ச்சி நாடி வருகிறாள். அவள் மனம் நோகாதிருக்கத் தீயை விலக்குகிறார்கள் என்பது அங்கே நான் கேட்டறிந்த செய்தி. அதோடு நில்லாமல், அந்திப்பொழுதில் தெரு நடுவே பொது அடுப்பு மூட்டிப் பொங்கலிட்டு அம்மனை வழியனுப்பும் நிறைவுச் சடங்கும் முன்னாளில் இருந்திருத்தல் வேண்டும், அது வழக்கொழிந்தது போலும் என்று என் ஊகத்தையும் ஒரு வரியாகச் சேர்த்திருந்தேன். வேறு சில ஊர்களில் அப்படிக் கண்டிருந்தேன். அதனால் இங்கும் இருந்திருக்கும் என்று எண்ணினேன்.

"அந்தக் காலத்துல அன்னைக்குத்தான் எங்க தெருவக் கொளுத்தினாங்க சார். பண்ணை ஆளுங்க. அதனாலதான் அடுப்பு மூட்டறதில்ல. அம்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல."

நான் நேரில் வந்து, உங்கள் தெருவாரிடமே கேட்டு எழுதியவன் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"யார்கிட்ட சார் கேட்டீங்க?"

பெயர் நினைவில் இல்லை. அது இன்னும் எரிச்சலூட்டியது.

அவர் தளரவில்லை. "இந்த வருஷம் பசங்க உங்க புக்க வெச்சுக்கிட்டு பொங்கல் வைக்கப் போறாங்க. தெரு நடுவுல அடுப்பு. அங்க நெருப்பு மூட்டினா நான் இந்தத் தெருவுலயே இருக்க மாட்டேன்னு அப்பா துணியெல்லாம் பையில எடுத்து வெச்சிட்டார். எழுபத்தெட்டு வயசு சார் அவருக்கு. நாங்க சொன்னா எடுபடல. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, அதனால அம்மன் திருவிழா புடிக்கலன்னு சொல்றோம்னு நெனைக்கிறாங்க. இத்தனை வருஷமா தெருவுல அந்தத் தீயப் பத்தின பேச்சே கிடையாது. நீங்க வந்து ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லிட்டா போதும்."

பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். போகும் எண்ணம் எனக்கில்லை. யாரோ பொங்கலிடப் போகிறார்கள். அதற்கு நான் ஏன் பேருந்தேறி அலைய வேண்டும்? ஆனால் இரண்டு நாளாக எழுத்தும் ஓடவில்லை, உறக்கமும் வரவில்லை. இறுதியில் நாற்காலி போட்டுப் பரணில் ஏறி, அக்காலக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். என் மனைவி கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "எழுவத்தி நாலு வயசுல இது என்ன வேலை" என்று மூன்று முறை கேட்டாள்.

குறிப்பு தெளிவாகவே இருந்தது. செய்தி தந்தவர், கீழ்த்தெருவார் ஒருவர், அகவை நாற்பதிருக்கும். உடனிருந்தவர், பண்ணைக் கணக்கர். நண்பகல் உணவு பண்ணை வீட்டில். வடையும் பாயசமும் இருந்ததைக்கூட எழுதி வைத்திருந்தேன். செய்தி தந்தவரின் பெயரை எழுதவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி: கிறித்தவ வீடுகளிலும் அன்று அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்தில், சமயம் மாறியும் மாறாத தொன்மரபு என்று அடிக்கோடிட்டிருந்தேன். அந்தத் தொடரை எழுதியபோது எவ்வளவு பெருமிதம் கொண்டேன் என்பது நினைவுக்கு வந்தது. இப்போது அது என்னவோ போல் இருந்தது.

செவ்வாயன்று புறப்பட்டேன். ஒரகடம் செல்லும் சரக்குந்துகளின் புழுதியை விழுங்கியபடி படப்பையில் இறங்கியபோது, அந்த ஆசிரியை பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தார். அங்கிருந்து ஆட்டோவில் ஊருக்குப் போனோம். தெருமுனையில் வண்டி நின்றதும், "மேல பாக்காதீங்க சார்" என்றார்.

பார்த்தேன். இரண்டு விளக்குக் கம்பங்களுக்கிடையே பெரிய பதாகை. நடுவில் அம்மன். அம்மனுக்கு வலப்புறம் நான். ஏதோ பழைய கல்லூரி மலரிலிருந்து எடுத்த படம். தலை முழுக்கக் கருமுடி. படத்தின் கீழே எனக்கு யாரும் தராத ஒரு பட்டம். அதன் கீழே என் நாற்பத்தோராம் பக்கம் முழுவதும். நான் ஊகமென்று எழுதியதை ஊகமாக விடவில்லை. பொங்கல் பண்டைக்காலம் முதல் நடந்தது என்றே அச்சிட்டுவிட்டார்கள். எத்தனையோ ஆண்டுகள் மாணவர்களிடம், நூலைப் படியுங்கள், நூலைப் படியுங்கள் என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். ஒருவரும் படித்ததில்லை. இவர்கள் படித்திருக்கிறார்கள்.

விழாக் குழுவின் தலைவர் முப்பது வயதுக்காரர். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை; இதற்காகவே விடுப்பு எடுத்திருந்தார். ஓடி வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். "வாங்க ஐயா, வாங்க. நீங்களே வருவீங்கன்னு நாங்க நெனச்சிக்கூட பாக்கல. சோடா சாப்புடுறீங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் என் தோளில் ஒரு சால்வை விழுந்தது.

பந்தலில் எழுபது எண்பது பேர் அமர்ந்திருந்தார்கள். நடுவே மூன்று செங்கற்கள் வைத்து அடுப்பு கூட்டி, விறகு அடுக்கி, மஞ்சள் கட்டிய புதுப்பானை வைத்திருந்தார்கள். ஒலிவாங்கியை என் கையில் கொடுத்தார்கள். நான் சுற்றி வளைக்காமல், பொங்கலைப் பற்றி நான் எழுதியது என் ஊகம்தான், அதற்குச் சான்று கிடையாது என்றேன். கைதட்டினார்கள். அம்மன் வரலாற்றையும் நான் தீர விசாரிக்காமல் எழுதிவிட்டேன், அது பிழையாக இருக்கலாம் என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

"ஐயா எவ்ளோ பெரிய படிப்பாளி, எப்டி அடக்கமா பேசுறாரு பாரு" என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

அடக்கமில்லை, உண்மையாகவே பிழை என்றேன். குழுத் தலைவர் மெல்ல என் அருகில் வந்து, "ஐயா, வயசாயிடுச்சில்ல, மறந்திருப்பீங்க. நான் வேணா படிச்சிக் காட்டவா?" என்று சட்டைப் பையிலிருந்து ஒளிநகலை எடுத்து, என் எழுத்தை எனக்கே படித்துக் காட்டினார். தடங்கலில்லாமல் படித்தார். மனப்பாடம் போலிருந்தது. எழுதியவனே எதிரில் நின்று பொய் என்கிறான். அச்சிட்ட தாள் மெய் என்கிறது. அவர்கள் தாளைத்தான் நம்பினார்கள். என் வாழ்நாளில் இத்தனை மதிப்போடு யாரும் என்னை மறுத்துப் பேசியதில்லை.

"இதை எழுதியவன் நான்தானே? நான் சொல்கிறேனே" என்றேன்.

அவர் முகம் வாடியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க தெருவப் பத்தி ஒரு புக்குல வந்துகீதுன்னா அது இந்த ஒரு பக்கம்தான் ஐயா. லைப்ரரியில தேடித் தேடி எடுத்தோம். மேல்தெருவுக்கு தேர் கீது, குளம் கீது, கல்வெட்டு கீது. எங்களுக்கு இதான் கீது. இதயும் தப்புன்னுட்டா எங்களாண்ட இன்னா இருக்குது?"

நான் ஒலிவாங்கியைக் கீழே இறக்கினேன்.

அப்போது பந்தலின் கடைசியிலிருந்து ஒரு முதியவர் எழுந்து வந்தார். தோளில் துணிப்பை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறு சிலுவை. ஆசிரியை அவர் முழங்கையைப் பிடிக்கப் போனார், அவர் தட்டிவிட்டார். ஒலிவாங்கியை நீட்டினேன். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாரு, என்னத் தெரியுதா?"

தெரியவில்லை ஐயா என்றேன்.

"எப்டித் தெரியும். அன்னிக்கி உங்களாண்ட அம்மன் கத சொன்னது நான்தான்."

ஆசிரியை "அப்பா" என்றார்.

"பண்ணை ஜீப்புல வந்து எறங்கினீங்க. பக்கத்துல கணக்குப்புள்ள. நான் வாசல்ல குந்திக்கினு கயிறு திரிச்சிக்கினு இருந்தேன். டேய், எதுக்கு அடுப்பு மூட்டறதில்லன்னு சாருக்கு சொல்லுடான்னாரு கணக்குப்புள்ள. சொல்லிட்டு என்னயே பாக்கறாரு. கொள்ளி எடுத்த கையில அவரு கையும் ஒண்ணு சாரு. அத நான் கண்ணால பாத்தவன். அவரு எதிர்ல நான் இன்னான்னு சொல்லுவேன்? வாய்க்கு வந்த அம்மன் கதய சொன்னேன்."

சற்று மூச்சு வாங்கினார். "நான் ஞானஸ்நானம் வாங்கினவன். இதே சிலுவ அன்னிக்கும் கழுத்துல தொங்கிச்சு. சர்ச்சுக்காரன் எதுக்குடா அம்மன் கத சொல்றேன்னு நீங்க ஒரு வார்த்த கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கல. எழுதிக்கினே இருந்தீங்க. எழுதி முடிச்சிட்டு, நல்லா சொன்னேப்பான்னு முதுகுல தட்டிக் குடுத்தீங்க. அப்பறம் ஜீப்புல ஏறி சாப்புடப் போயிட்டீங்க."

வடையும் பாயசமும் என் நினைவுக்கு வந்தன.

பிறகு அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை. தெருவாரைப் பார்த்துச் சொன்னார். தெருவுக்குத் தீ வைத்தபோது அவருக்கு எட்டு வயது. அறுவடை முடிந்த நேரம். கீழ்த்தெருவார் கூலியாக இன்னும் ஒரு மரக்கால் நெல் கேட்டிருக்கிறார்கள். தரமாட்டோமென்றதும் களத்திலிருந்து எழுந்து வந்துவிட்டார்கள். இரண்டாம் நாள் அந்தியில், எல்லா வீட்டிலும் உலை கொதிக்கும் நேரம் பார்த்துப் பண்ணை ஆட்கள் வந்தார்கள்.

"வந்தவனுங்க கையில நெருப்பு இல்ல. வெறுங்கையோடதான் வந்தானுங்க. எங்க அடுப்புலர்ந்தே கொள்ளிய உருவி எங்க கூரையிலயே செருவினானுங்க. நாங்கெல்லாம் ஏரிப் பக்கம் கோரைக்குள்ள ஓடினோம். எங்கக்கா சோத்துப் பானய எடுத்துக்கினு வரேன்னு உள்ள போச்சு. வரல."

முன்வரிசையில் ஒரு குழந்தை ஏதோ கேட்டது. தாய் அதன் வாயைப் பொத்தினாள்.

"போலீசு வந்துச்சு. அடுப்பு நெருப்பு பறந்து கூரை புடிச்சிதுன்னு எழுதிக்கினு போச்சு. ஆமா, அடுப்பு நெருப்புதான. அடுத்த வருசம் அதே நாளு, எங்கம்மா வூடு வூடாப் போயி அடுப்புல தண்ணி ஊத்திச்சு. இன்னிக்கி நம்ம தெருவுல ஒரு பொறி நெருப்பு கெடயாது, இப்ப கூரை எரிஞ்சா யாரு வெச்சாங்கன்னு எழுதுவாங்க, பாக்கலாம்னு சொல்லிச்சு. அதான் இந்த நாளு. கோயிலுக்குப் போறவங்களும் அணைச்சாங்க, சர்ச்சுக்குப் போறவங்களும் அணைச்சாங்க. மொதல்ல போலீசு எழுதிச்சு. அப்பறம் சாரு எழுதினாரு."

ஆசிரியை, "தீ வெச்சாங்கன்னு மட்டும்தானப்பா சொன்னே. அக்கா பத்தி ஏன் சொல்லல? இவர்கிட்ட சொன்னதே நீதான்னு ஏன் சொல்லல?" என்று கேட்டார். அழுகையைவிடக் கோபமே அவர் குரலில் மிகுந்திருந்தது.

"பொய் சொன்னவன் நான்தான்னு உன்னாண்ட எப்டிமா சொல்லுவேன்?"

குழுத் தலைவருக்கும் கோபம். "தாத்தா, ஒரு மாசமா பந்தல் வேல நடக்குது. மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல."

"சொன்னேனே. அடுப்பு மூட்டாதீங்கடான்னு சொன்னேனா இல்லியா? நீ புக்கக் காட்டினே. நான் சொன்ன பொய்யயே எனக்குக் காட்டுறே. நான் இன்னாத்த சொல்ல?"

அம்மனுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, தலை நிமிராமலே, "எங்க மாமியாரும் சோத்துப் பானன்னு இன்னாவோ சொல்லும். நான்தான் காதுல வாங்கிக்கல" என்றார். அவர் கோயிலுக்குப் போகிறவர். அந்தச் சொல்தான் பந்தலின் இறுக்கத்தைத் தளர்த்தியது என்று நினைக்கிறேன். என் உரையால் ஆனது ஒன்றுமில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குழுத் தலைவர் அடுப்பருகே போனார். பின்பு குனிந்து விறகை ஒவ்வொன்றாக உருவினார். செங்கற்களை எடுத்துச் சுவரோரம் வைத்தார். புதுப்பானையை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த மூதாட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பதாகையையும் இறக்க முயன்றார்கள். ஆனால் கம்பத்தின் உச்சியில் கட்டிய கம்பி அவிழவில்லை. ஆகவே அந்த மாலை முழுவதும் நான் கருமுடியோடு அம்மனுக்கு வலப்புறம் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஆசிரியை தந்தையின் தோளிலிருந்து பையைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தார். எனக்கு ஓர் எவர்சில்வர் தட்டில் நீர்ச்சோறும் மோர்மிளகாயும் வந்தன. தெருவில் எந்த வீட்டிலும் புகை இல்லை.

உண்டு முடித்ததும், செய்த பிழைக்கு ஈடாக ஏதேனும் செய்ய வேண்டும் என்று தோன்றியது. இதைப் புதிதாக, முழுமையாக, நானே எழுதித் தருகிறேன் என்றேன். பெருந்தன்மையோடு சொன்னதாகத்தான் எனக்கு எண்ணம். முதியவர் கைகழுவிக்கொண்டே, "நீங்க எழுத வேணாம் சாரு. நான் சொல்றேன், என் பொண்ணு எழுதட்டும். நீங்க வேணா பக்கத்துல குந்துங்க" என்றார்.

குழுத் தலைவர், பண்ணைக்காரர் பெயரையும் கணக்கர் பெயரையும் போட வேண்டும் என்றார். முதியவர் உடனே ஒப்பவில்லை. "கணக்குப்புள்ள பேரன் உன்னோட ஒரே பஸ்ஸுலதானடா வேலைக்குப் போறான். நாளைக்கி சாயங்காலம் நீ அவன் பக்கத்துல குந்தி அதே பஸ்ஸுல திரும்பி வரணும். பேரு போடறதா வேணாமான்னு தெருவா உக்காந்து பேசுங்க." அது இன்றுவரை முடிவாகவில்லை. இரண்டு முறை கூடிப் பேசி, இரண்டு முறையும் சண்டையிட்டுக் கலைந்தார்கள் என்று ஆசிரியை சொல்கிறார்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போய் அமர்ந்தேன். முதியவர் சொன்னார், மகள் எழுதினார். அவர் சொன்னதைச் சொன்னபடியே, ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதினார். திருத்தத் துடித்த என் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். குழுத் தலைவர் கடைசி இரண்டு வாரங்களும் வந்து கேட்டார். இடையிடையே, "ஐயா, இதுவாவது உண்மைதானா?" என்று என்னைக் குத்தவும் தவறவில்லை.

பரணில் கிடந்த படிகளை இறக்கி, ஒவ்வொன்றிலும் நாற்பத்தோராம் பக்க ஓரத்தில் என் கையாலேயே, இது பொய், தவறு என்னுடையது என்று எழுதினேன். இறக்கும்போது மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்த மீதிப் பாதி எங்கெங்கே இருக்கிறதோ, அதை யார் எந்தப் பதாகைக்கு எடுக்கப் போகிறார்களோ, எனக்குத் தெரியாது. அதை எண்ணினால் இன்றும் நண்பகல் உறக்கம் வருவதில்லை. யார் என்னிடம் எதைச் சொன்னாலும் இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது சொல்பவரின் முகத்தையன்று. அவர் அருகில் அமர்ந்திருப்பவர் யார் என்பதைத்தான்.